டிரம் பிரேக் நெம்புகம்பி: வீட்டிலேயே செய்வதும், மக்கர் செய்யும்போது பார்க்க வேண்டியதும்

காரின் அடியில் படுத்து, டிரம் பிரேக்கின் பின்பக்கத்தை மூடி நிற்கும் பேக்கிங் பிளேட் என்ற தகட்டில் இருக்கும் சின்ன ஓட்டைக்குள் ஸ்க்ரூடிரைவரை நுழைத்து, பிரேக்கை இறுக்கவும் தளர்த்தவும் உதவும், கண்ணுக்குத் தெரியாத ஒரு பல்சக்கரத்தைத் துழாவியவர்களுக்கு இந்த வேலையின் அலுப்பு தெரியும். பல் அகப்படும், நெம்பினால் வழுக்கும், மறுபடி துழாவ வேண்டும். நாலு சக்கரத்துக்கும் இப்படியே போனால் கை சோர்ந்து, "இது போதும்" என்று பாதியில் விட்டுவிடுவோம். பிரேக் விஷயத்தில் அந்தப் "போதும்" ஆபத்தானது. அதனால்தான் அந்தப் பல்சக்கரத்தைத் திருப்பும் வளைந்த நெம்புகம்பியைச் சரியாகச் செய்துகொள்வதில் எனக்கு இவ்வளவு அக்கறை.

நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். இந்த நெம்புகம்பியின் வளைவை உங்கள் காரின் பின்பக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். வேறொருவர் கையிலிருக்கும் கம்பியைப் பார்த்து வளைத்தால் பெரும்பாலும் பொருந்தாது. ஓட்டைக்கும் பல்சக்கரத்துக்கும் உள்ள தூரம், குறுக்கே நிற்கும் ஷாக் அப்சார்பர், இலை ஸ்பிரிங், ஆக்சில் எல்லாம் ஒவ்வொரு காரிலும் வேறு வேறு. கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு இடத்தில்தான் வேர் விட்டிருக்கும்.

கருவி செய்யும் முன்

டிரம்முக்கும் ஷூவுக்கும் (டிரம்மின் உட்புறத்தை அழுத்திச் சக்கரத்தை நிறுத்தும் வளைந்த கட்டை) உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் உங்கள் காரில் என்ன வகை என்று பாருங்கள். பல்சக்கர வகைக்குத்தான் வளைந்த நெம்புகம்பி வேண்டும். பழைய மினி போன்ற கார்களில் பேக்கிங் பிளேட்டுக்கு வெளியே சதுரத் தலை நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு நெம்புகம்பி உதவாது, சாவி வேண்டும். மோரிஸ் மைனரில் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, டிரம்மின் முகத்தில் உள்ள ஓட்டை வழியாக ஸ்க்ரூடிரைவரால் திருப்பும் வகை. வோல்க்ஸ்வேகன் பீட்டிலில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு பல்சக்கரங்கள். ஒன்றை எந்தத் திசையில் நெம்பினால் இறுகுகிறதோ, மற்றது அதற்கு எதிர்த் திசையில்தான் இறுகும். இது தெரியாமல் இரண்டையும் ஒரே பக்கம் நெம்பி, ஒரு ஷூவை இறுக்கி மறு ஷூவைத் தளர்த்திவிட்டு, "எவ்வளவு திருப்பினாலும் பெடல் மேலே வரவில்லையே" என்று திகைப்பவர்கள் உண்டு.

பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் எதையும் தள்ளிவிடாதீர்கள். இந்த வேலைக்கு ஹேண்ட் பிரேக்கை விடுவித்தே ஆக வேண்டும். எனவே தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் ஜாக்கியைத் தொடக்கூடாது. தூக்கிய பிறகு கார் ஜாக்கியின் மேல் நிற்கக் கூடாது, ஸ்டாண்டின் மேல்தான் நிற்க வேண்டும். ஷூவின் மேல் இருக்கும் உராயும் பட்டையான லைனிங் பழையதாக இருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்முக்குள் சேர்ந்த தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள், உலர்ந்த பிரஷ்ஷால் தட்டாதீர்கள். நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

மாதிரிக் கம்பி

கையால் வளையும் 3 மி.மீ. கனமுள்ள மென்கம்பி ஒரு முழம் எடுங்கள். ஓட்டையில் இருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பல்சக்கரம் ஓட்டைக்கு நேரே இருக்காது. சற்று மேலேயோ கீழேயோ, கொஞ்சம் உள்ளே தள்ளியோ இருக்கும். கம்பியின் நுனியை வளைத்து உள்ளே விட்டு, பல்லைத் தொடும்வரை வளைவைக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். தொட்ட பிறகு, கைப்பிடி இருக்கப்போகும் பக்கத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். ஷாக் அப்சார்பரில் இடிக்கிறதா? பல்சக்கரம் திரும்பும் பக்கம் நெம்ப இடம் இருக்கிறதா? இடித்தால் அங்கே ஒரு எதிர்வளைவு கொடுங்கள். இப்படிச் சரியானதும் கம்பியை அட்டையில் வைத்துக் கோடு இழுத்துவிடுங்கள். உங்கள் கருவியின் படம் அதுதான்.

உருக்கு எது? தேய்ந்துபோன பெரிய தட்டை ஸ்க்ரூடிரைவர் மிக நன்றாக உதவும். 250 முதல் 300 மி.மீ. நீளம் இருக்கட்டும். வெப்பம் படும் பகுதியில் குரோம் பூச்சு இருந்தால் முதலில் கிரைண்டரால் உரித்துவிடுங்கள். துத்தநாகம் பூசிய கம்பியைச் சூடாக்கவே கூடாது. அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். பிளாஸ்டிக் பிடி உருகாமலிருக்கத் தண்டின் மேல்பகுதியில் ஈரத்துணியைச் சுற்றி, காயக் காய நனைத்துக்கொண்டே இருங்கள்.

நுனியிலிருந்து சுமார் 20 முதல் 25 மி.மீ. தள்ளி முதல் வளைவு வரும். எத்தனை பாகை என்பதை உங்கள் மாதிரிக் கம்பி சொல்லும். வளைக்க வேண்டிய இடத்தைச் செக்கச்செவேலெனப் பழுக்கக் காய்ச்சி, வைஸில் பிடித்து ஒரே மூச்சில் வளையுங்கள். நிறம் மங்கியதும் நிறுத்தி மறுபடி காய்ச்சுங்கள். நுனியின் அகலம் ஓட்டையின் அகலத்தைவிட 2 மி.மீ. குறைவாக இருந்தால் உள்ளே புரள இடம் கிடைக்கும். நுனியை மட்டும் 2 முதல் 2.5 மி.மீ. கனத்துக்குத் தேய்த்து, பின்னால் போகப் போகக் கனம் கூடுமாறு விடுங்கள். ஓரங்களை அரத்தால் மழுக்குவது முக்கியம். கூர்மையான ஓரம் பல்லைக் கடித்து வாரிவிடும்.

இனி ஒவ்வொரு கோளாறாகப் பார்க்கலாம்.

நுனி பல்லில் நிற்காமல் வழுக்குகிறது

முதலில் கோணத்தைச் சந்தேகியுங்கள். நுனி பல்லின் பக்கவாட்டில் முழு அகலத்துக்கும் படிய வேண்டும். ஒரு மூலை மட்டும் தொட்டால் நெம்பும் ஒவ்வொரு தடவையும் நழுவும். எங்கே படுகிறது என்று தெரிந்துகொள்ள ஓர் எளிய வழி இருக்கிறது. நுனியில் மார்க்கர் மையைப் பூசி உள்ளே விட்டு, நாலைந்து தடவை நெம்பி வெளியே எடுங்கள். மை அழிந்த இடம்தான் தொட்ட இடம். ஒரு மூலையில் மட்டும் அழிந்திருந்தால், தண்டை முறுக்க வேண்டுமா, வளைவைக் கூட்ட வேண்டுமா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

மை முழு அகலத்திலும் அழிந்திருந்தும் வழுக்கினால் நுனி தடித்துவிட்டது என்று பொருள். பற்களுக்கு இடையிலான பள்ளத்தில் அது ஆழமாக உட்காரவில்லை. இன்னும் கொஞ்சம் தேயுங்கள். அதற்கும் வழுக்கினால் பல்சக்கரத்தின் பற்களே மழுங்கியிருக்கும். முன்பு யாரோ கூரான ஸ்க்ரூடிரைவரால் குத்திய தழும்பு அது. டிரம்மைக் கழற்றி அட்ஜஸ்டரை மாற்றுவதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை.

நெம்பினால் கருவியே வளைகிறது

உருக்கு மிருதுவாகிவிட்டது. நீங்கள் எடுத்த கம்பி முதலிலிருந்தே மென்னிரும்பாக இருக்கலாம். அல்லது நல்ல உருக்கை வளைப்பதற்காகக் காய்ச்சிவிட்டு அப்படியே ஆறவிட்டிருக்கலாம். மெதுவாக ஆறினால் பழைய கடினம் போய்விடும். கொல்லுப்பட்டறையில் அரிவாளுக்குத் தோய்ச்சல் போடுவதைப் போல இதற்கும் போட்டாக வேண்டும்.

நுனியையும் வளைவையும் சேர்த்துப் பழுக்கக் காய்ச்சி, ஒரு காந்தத்தை அருகே கொண்டுபோங்கள். இரும்பு சுமார் 770 பாகை செல்சியஸில் காந்தத்துக்கு மசியாமல் போகும். ஒட்டாத நிலை வந்ததும் இன்னும் சிறிது காய்ச்சி, உடனே எண்ணெயில் முக்குங்கள். எண்ணெய் தகர டப்பாவில் இருக்கட்டும், அதன் மூடி கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும், தீப்பிடித்தால் மூடிவிடலாம். ஆறியதும் அரத்தால் இழுத்துப் பாருங்கள். அரம் கண்ணாடியில் போவதுபோல வழுக்கினால் கடினம் ஏறிவிட்டது. அரம் கடித்தால் அந்தக் கம்பி பெரும்பாலும் மென்னிரும்பு, அப்படியானால் எத்தனை தடவை முக்கினாலும் ஏறாது. அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. 5 மி.மீ. கனமுள்ள மென்னிரும்புப் பட்டையில் நுனியை மட்டும் 3 மி.மீ. ஆக்கினால் மெதுவான வேலைக்குத் தாங்கும். துருப்பிடித்த அட்ஜஸ்டருக்குத் தாங்காது.

நுனி முறிந்து டிரம்முக்குள் விழுந்துவிட்டது

மேலே சொன்ன தோய்ச்சலோடு நிறுத்தியிருப்பீர்கள். முக்கி எடுத்த உருக்கு கண்ணாடிபோல உடையும். அதற்கு மறுசூடு காட்ட வேண்டும். நுனியை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துவிட்டு, நுனியில் தீ படாமல் பின்னாலிருந்து மெல்லச் சூடாக்குங்கள். பளபளப்பின் மேல் வைக்கோல் நிறம் ஓடிவரும், அடுத்து பழுப்பு, ஊதா, நீலம். கத்திக்கு வைக்கோல் நிறத்தில் நிறுத்துவார்கள். நெம்பும் கருவிக்கு நீலம்தான் வேண்டும். அது 300 பாகையை ஒட்டி வரும். நீலம் நுனியைத் தொட்ட நொடியில் தண்ணீரில் முக்குங்கள். அவசரப்பட்டு இந்தப் படியைத் தாண்டியதால் என் முதல் கருவி இரண்டாவது சக்கரத்திலேயே முறிந்தது.

விழுந்த துண்டை அப்படியே விட்டு வண்டியை எடுக்கக் கூடாது. லைனிங்குக்கும் டிரம்முக்கும் நடுவே சிக்கினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். டிரம்மைக் கழற்றி எடுத்துவிட்டுத்தான் மறுவேலை.

இறுக்க முடிகிறது, தளர்த்த முடியவில்லை

தானாக இறுகும் அமைப்புள்ள டிரம்மில் இது கோளாறே அல்ல. பல்சக்கரத்தின் மேல் ஒரு சின்ன நெம்புத்தகடு படிந்து, ஒரு திசையில் மட்டும் சுழலவிடும். பல அமெரிக்கக் கார்களில் பின்னோக்கி ஓட்டிப் பிரேக் அடிக்கும்போது இந்தத் தகடு பல்லைத் தள்ளி இறுக்கும். டக் டக்கென்று ஓசையுடன் போகும் திசை இறுகும் திசை. அடம்பிடிக்கும் திசை தளரும் திசை. வலுக்கட்டாயமாகத் தளர்த்தினால் பற்கள் மழுங்கும்.

இதற்கு இரண்டாவது கருவி ஒன்று வேண்டும்: தகட்டைச் சற்றே விலக்கிப் பிடிக்கும் மெல்லிய கம்பி. பழைய சைக்கிள் ஸ்போக் இதற்கென்றே பிறந்ததுபோல இருக்கும். சுமார் 2 மி.மீ. கனம், வளையும், ஆனால் துவளாது. சில கார்களில் தகட்டைத் தள்ள வேண்டும், சிலவற்றில் இழுக்க வேண்டும்; அதனால் ஒரு முனையை நேராகவும் மறுமுனையைச் சின்னக் கொக்கியாகவும் வைத்துக்கொள்ளுங்கள். இடக்கையால் ஸ்போக்கில் தகட்டை மயிரிழை விலக்கி, வலக்கையால் பல்லைத் தளர்த்துங்கள். அதிகமாகத் தள்ளினால் தகடு தன் இடத்தை விட்டுக் கழன்றுவிடும்.

பல்சக்கரம் எந்தப் பக்கமும் அசையவில்லை

துரு. மரைக்குள் இறுகியிருக்கும். துருநீக்கும் எண்ணெயைத் தாராளமாக அடிக்க மனம் துடிக்கும், ஆனால் அந்த எண்ணெய் லைனிங்கில் பட்டால் அந்த ஷூ வீண். மெல்லிய குழாய் வைத்து, மரையின் மேல் மட்டும் ஓரிரு துளி விட்டு, ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் ஒரே பக்கம் அழுத்தாமல், இரண்டு பக்கமும் மாறி மாறி ஆட்டுங்கள். கால் பல் அசைந்தாலும் அது வெற்றி. அசையவே இல்லை என்றால் நெம்புகம்பியின் மேல் குழாய் செருகி பலம் கூட்டாதீர்கள். டிரம்மைக் கழற்றி அட்ஜஸ்டரை வெளியே எடுத்து, மரையைச் சுத்தம் செய்து, வெப்பம் தாங்கும் கிரீஸை மெல்லியதாகப் பூசித் திரும்ப வையுங்கள். வைக்கும்போது இடப்பக்கத்ததை வலப்பக்கம் மாற்றிவிடாதீர்கள். தானாக இறுகும் அமைப்பில் இரண்டு பக்கத்து மரைகளும் எதிரெதிரானவை. மாறினால் ஒவ்வொரு பிரேக்குக்கும் இறுகுவதற்குப் பதிலாகத் தளர்ந்துகொண்டே போகும்.

சதுரத் தலை உருண்டுவிட்டது

அறுகோண ஸ்பேனரும் பிளையரும் சேர்ந்து செய்யும் அநியாயம் இது. கால் அங்குலச் சதுரத் தலைக்கு, கால் அங்குல டிரைவ் சாக்கெட் நீட்டுக்கம்பியின் சதுரக் குழி அப்படியே பொருந்தும். அதில் ஒரு குறுக்குக் கம்பியைப் பற்றவைத்தால் நிரந்தரச் சாவி. வேறு அளவு என்றால், கனமான உருக்குக் குழாயைப் பழுக்கக் காய்ச்சி, அதே அளவுச் சதுரக் கம்பியை உள்ளே விட்டு நாலு பக்கமும் தட்டிச் சதுரமாக்கலாம். கொஞ்சம் உருண்ட தலைக்கு, குழியைச் சற்றே சிறிதாக்கிச் சுத்தியால் மெல்லத் தட்டி ஏற்றினால் பிடி கிடைக்கும். சதுரத் தலையைத் திருப்பினால் ஓர் ஆப்பு உள்ளே போய் ஷூக்களை விரிக்கும் வகை அட்ஜஸ்டரில் கால் சுற்றுக்கு ஒரு முறை கை உணரும்படி ஒரு சின்னத் துள்ளல் வரும். அந்தத் துள்ளல் முடிந்த இடத்தில்தான் நிறுத்த வேண்டும்; நடுவில் நிறுத்தினால் முதல் பிரேக்கிலேயே அது தானாகத் திரும்பிக்கொள்ளும்.

டிரம் கழன்று வரமாட்டேன் என்கிறது

நெம்புகம்பி உண்மையிலேயே தன் அருமையைக் காட்டும் இடம். தேய்ந்த டிரம்மின் விளிம்பில் ஓர் உதடு எழும்பியிருக்கும்; ஷூ அந்த உதட்டில் மாட்டிக்கொள்ளும். சுத்தியால் அடித்தால் வார்ப்பிரும்பு டிரம் விரிசல் விடும். ஸ்போக்கும் நெம்புகம்பியும் கொண்டு அட்ஜஸ்டரை நன்றாகத் தளர்த்துங்கள், ஷூக்கள் உள்வாங்கும், டிரம் கையோடு வரும். டிரம் கழன்று இருக்கும்போதே உள்விட்டத்தையும் அளந்துவிடுங்கள். இரும்புப் பட்டையில் நகரும் தாடை ஒன்றைப் பொருத்தினால் அளவுகோல் தயார். ஒரு பக்கம் டிரம்மின் உள்விட்டத்தை எடுக்க, மறுபக்கம் அதே அளவை ஷூக்களின் வெளிவிட்டத்தோடு ஒப்பிட. ஷூக்கள் அரை மி.மீ. சிறிதாக இருக்கும்படி முன்கூட்டியே வைத்துவிட்டால், டிரம்மைப் போட்ட பிறகு ஓட்டை வழியாகச் சில பற்கள் மட்டுமே திருப்ப வேண்டியிருக்கும்.

சரியாக இறுக்கினேன், ஓரிரு பிரேக்கிலேயே தளர்ந்துவிட்டது

ஷூக்கள் நடுவில் அமரவில்லை. பேக்கிங் பிளேட்டின் மேல் அவை சற்று மிதந்துகொண்டிருக்கும். பல்லைத் திருப்பும்போது ஒரு ஷூ மட்டும் டிரம்மைத் தொட்டு இறுகிவிட்டதுபோல ஏமாற்றும். சக்கரம் சுழலாத அளவு இறுக்கியதும், ஒருவரை உட்காரவைத்துப் பெடலை இரண்டு மூன்று தடவை நன்றாக அழுத்தச் சொல்லுங்கள். ஷூக்கள் நகர்ந்து உட்காரும், சக்கரம் மறுபடி சுழலும். திரும்பவும் இறுக்குங்கள். இனி அழுத்தினாலும் தளரவில்லை என்ற பிறகுதான் பின்னோக்கித் தளர்த்தத் தொடங்க வேண்டும்: லேசாக உரசும் ஓசை கேட்க வேண்டும், ஆனால் கை தள்ளினால் சக்கரம் தடையின்றிச் சுற்ற வேண்டும்.

ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் பிடிக்கிறது

டிரம் வட்டமாக இல்லை. கருவியையோ அட்ஜஸ்டரையோ குறை சொல்ல வேண்டாம். அதிகம் பிடிக்கும் இடத்தில் உரசாதவாறு தளர்த்தினால் மற்ற இடங்களில் இடைவெளி அதிகமாகும், பெடல் ஆழமாகப் போகும். டிரம்மை லேத்தில் கடைய வேண்டும்; அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச விட்டம் டிரம்மிலேயே பொறிக்கப்பட்டிருந்தால் அதைத் தாண்டக் கூடாது. தாண்டும் நிலை என்றால் புது டிரம்.

பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது

இழுக்கும் பக்கத்தில் இறுக்கம் கூடியிருக்கலாம், எதிர்ப்பக்கத்தில் குறைந்திருக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே உரசல் ஓசை வரும்வரை ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். பிறகும் இழுத்தால் ஒரு பக்க லைனிங்கில் எண்ணெயோ பிரேக் ஆயிலோ பட்டிருக்க வேண்டும். வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் காரணம் அதுதான்.

பத்துக் கிலோமீட்டர் ஓட்டியதும் ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கிறது

கையால் தொட்டுப் பார்க்காதீர்கள். ஒரு துளி தண்ணீரை டிரம்மில் விடுங்கள். ஒன்றில் மட்டும் சுரீரென்று ஆவியானால் அது இறுகிக் கிடக்கிறது. இரண்டு மூன்று பற்கள் தளர்த்துங்கள். தளர்த்தியும் சூடானால், ஹேண்ட் பிரேக் கேபிள் உறைக்குள் துருப்பிடித்துத் திரும்பாமல் நிற்கிறதா, ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்ததா, பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி ஆயிலைத் திரும்ப விடாமல் பிடிக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். கேபிளைப் பற்றி இன்னொன்று: ஹேண்ட் பிரேக் லிவர் அதிகம் மேலே வருகிறது என்று கேபிளை முதலில் இறுக்கிவிடுபவர்கள் பலர். அப்படிச் செய்தால் ஷூக்கள் பாதி இழுத்த நிலையில் நிற்கும், பல்சக்கரத்தால் இடைவெளியைச் சரியாக வைக்கவே முடியாது. கேபிளைத் தளர்த்தி, ஷூக்களைச் சரிசெய்து, கடைசியில்தான் கேபிள்.

பெடல் ஆழமாகப் போகிறது

இரண்டாவது முறை மிதித்ததும் மேலே வந்து கெட்டியாக நின்றால் ஷூ இடைவெளிதான், நெம்புகம்பியை எடுங்கள். எத்தனை தடவை மிதித்தாலும் ஸ்பாஞ்சு மிதிப்பதுபோல இருந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது, வெளியேற்ற வேண்டும். கால் வைத்து அழுத்திக்கொண்டே இருக்கும்போது பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போயிருக்கிறது அல்லது எங்கோ ஒழுகுகிறது. அந்த நிலையில் ஷூக்களை இறுக்கினால் பெடல் சற்று உயர்ந்து, எல்லாம் சரியாகிவிட்டதுபோலக் காட்டும். இறங்கும் பெடல் உள்ள வண்டியை நகர்த்தாமல் அப்படியே நிறுத்திவைத்து, ஒழுகும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஸ்டாண்டிலிருந்து இறக்கும் முன் ரப்பர் மூடிகளைத் திரும்ப மாட்டிவிட்டீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஓட்டை திறந்திருந்தால் அடுத்த மழையில் உள்ளே போகும் சேறு பல்சக்கரத்தைத்தான் முதலில் பிடிக்கும்.